ஏ வண்டி என்றால் எந்த ஏ வண்டி?

அம்மா முதன்முறையாக நியூயார்க் வந்து இறங்கிய மாலையில், நான் விமான நிலையத்தில் நின்றிருக்க வேண்டும். ஆனால் லிபர்ட்டி அவென்யூவில் ஒரு ரொட்டிக் கடை வாசலில், இடுப்பில் கைவைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றிருந்தேன். தலைக்கு மேல் இரும்புத் தூண்கள்மீது சப்வே, அதாவது இந்த ஊர் மெட்ரோ ரயிலின், தண்டவாளம். அது அங்கேயே முடிந்துவிட்டது. அதற்கப்பால் போக வழியில்லை.

2009ஆம் ஆண்டு அது. நான் நியூயார்க்குக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அலுவலகம் மன்ஹாட்டனின் தென்கோடியில், ஃபுல்டன் தெருவுக்குப் பக்கத்தில். அங்கிருந்து கென்னடி விமான நிலையத்துக்கு எப்படிப் போவது என்று சக ஊழியர் ஒருவரிடம் கேட்டேன். “ஏ வண்டியைப் பிடி, ஹோவர்ட் பீச்சில் இறங்கு, அங்கிருந்து ஏர்டிரெயின்” என்று ஒரே மூச்சில் சொன்னார். சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நீல வட்டத்துக்குள் ஏ என்ற எழுத்து தெரிந்தது, ஏறினேன், இடம் கிடைத்தது, உட்கார்ந்துவிட்டேன். புரூக்ளின் முழுவதும் சுரங்கத்தில் ஓடிய வண்டி ஒரு கட்டத்தில் வெளிச்சத்துக்கு ஏறி வந்தது. ராக்கவே புலவார்ட், 104ஆம் தெரு, 111ஆம் தெரு. பிறகு லெஃபர்ட்ஸ் புலவார்ட். இதுதான் கடைசி நிலையம், எல்லோரும் இறங்குங்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது. ஹோவர்ட் பீச் வரவே இல்லை.

கீழே இறங்கி முதலில் கண்ணில் பட்ட கடையில் வழி கேட்டேன். கல்லாவில் இருந்த அம்மையார் கயானாவிலிருந்து குடியேறியவர். அந்தப் பகுதி முழுக்கவே அவர்கள்தாம். என் முகத்தைப் பார்த்து எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு, தன் முன்னோர் மதராஸிலிருந்து கப்பலேறிய கூலிக் குடும்பம் என்றார். அதன்பிறகுதான் வழி சொன்னார். “எழுத்தைப் பார்த்து ஏறினாயா? கடைசி ஊர்ப் பெயரைப் பார்த்து ஏற வேண்டும். ஏ வண்டிக்கு இந்தப் பக்கம் இரண்டு வால் இருக்கிறது.” ஆங்கிலத்தில்தான் பேசினார், கூடவே அவர் சொன்ன ‘சன்’ என் காதில் ‘தம்பி’ என்றே விழுந்தது. வாரத்துக்கு ஒருவராவது பெட்டியும் கையுமாகத் தன் கடை முன்னால் வந்து விழிக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். ராக்கவே புலவார்ட் நிலையத்தைத் தாண்டியதும் தண்டவாளம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை நேரே லெஃபர்ட்ஸ் போய் நின்றுவிடும். மற்றது தெற்கே திரும்பி, ஹோவர்ட் பீச் வழியாகக் கடலோரத்திலுள்ள ஃபார் ராக்கவேவுக்குப் போகும். இரண்டுக்கும் எழுத்து ஏ, நிறம் நீலம். பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் கடைசி நிலையத்தின் பெயர் மட்டும்தான் வேறு. உச்ச நேரத்தில் சில வண்டிகள் ராக்கவே பார்க் என்ற மூன்றாவது முனைக்கும் போகும். அது கணக்கில் சேர்ந்தால் வால் மூன்று. வந்த வழியே ராக்கவே புலவார்ட் திரும்பி, அடுத்த வண்டிக்குக் காத்திருந்து, ஏர்டிரெயின் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது அம்மா ஒன்றரை மணிநேரமாகத் தள்ளுவண்டியின் கைப்பிடியை விடாமல் நின்றுகொண்டிருந்தாள். கைப்பேசி கிடையாது. அழவில்லை. “எங்கேடா போனாய்?” என்று மட்டும் கேட்டாள்.

அன்றிரவு சாப்பிட்டு முடித்ததும் சப்வே வரைபடத்தை மேசைமேல் விரித்து, என்ன நடந்தது என்று அவளுக்கு விளக்கினேன். விளக்கினேன் என்பது பெருமைக்குச் சொல்வது. எனக்கே அப்போது சரியாகப் புரிந்திருக்கவில்லை. “ஏ லைன் இரண்டாகப் பிரிகிறது” என்று ஆரம்பித்தேன். அம்மா பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகருக்குப் போகும் 29சி பஸ்ஸில் இருபது வருடம் வேலைக்குப் போய் வந்தவள். வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “29சி என்பது பஸ்ஸுக்குப் பெயரா, ரோட்டுக்குப் பெயரா?”

பஸ்ஸுக்குத்தான். ரோட்டுக்குத் தனியாகப் பெயர் உண்டு. அதே ரோட்டில் வேறு நம்பர் பஸ்களும் ஓடும். ஒரே நம்பர் பஸ் பல ரோடுகளில் திரும்பித் திரும்பிப் போகும்.

நியூயார்க் சப்வேயின் முடிச்சு அந்த ஒரு கேள்வியில் அவிழ்ந்துவிட்டது. வண்டியின் நெற்றியிலுள்ள எழுத்தோ எண்ணோ அந்தச் சேவையின் பெயர். தண்டவாளத்துக்கு வேறு பெயர். ஏ வண்டி ஓடுவது எட்டாவது அவென்யூ லைன், ஃபுல்டன் தெரு லைன், ராக்கவே லைன் என்று பல தடங்களின்மேல். இன்றைய கியூ வண்டியை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகும். 2017 ஜனவரி 1 அன்று திறந்த இரண்டாவது அவென்யூ லைனில் கிளம்பி, 63ஆம் தெரு லைனில் திரும்பி, பிராட்வே லைனில் மன்ஹாட்டன் முழுக்க இறங்கி, மன்ஹாட்டன் பாலத்தைத் தாண்டி, பிரைட்டன் லைனில் ஓடி, கோனி ஐலண்ட் கடற்கரையில் நிற்கிறது. நான்கு தடங்கள், ஒரே எழுத்து. லண்டனிலோ டெல்லியிலோ லைனின் பெயர்தான் பெரும்பாலும் வண்டியின் பெயரும். அந்தப் பழக்கத்தோடு இங்கே வருபவர்கள் முதல் மாதம் என்னைப்போல் எங்காவது ஒரு ரொட்டிக் கடை வாசலில் நிற்பார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு வரலாறு உண்டு. எங்கள் அலுவலகத்தில் பிராங்க்ஸில் பிறந்து வளர்ந்த மூத்தவர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற இரண்டே வருடம். அவர் வாயில் ‘4’, ‘5’ என்பதே வராது. “ஐஆர்டியைப் பிடி” என்பார். எந்தப் பலகையிலும் அப்படி ஒன்று எழுதியிருக்காது. நான் திருதிருவென்று விழித்ததைப் பார்த்து ஒருநாள் மதிய உணவின்போது உட்காரவைத்துச் சொன்னார்.

இந்த ஊரின் சப்வே ஒரே கையால் கட்டப்பட்டதல்ல. 1904 அக்டோபர் 27 அன்று முதல் சுரங்கப்பாதையைத் திறந்து ஓட்டியது இன்டர்பரோ ராபிட் டிரான்சிட் என்ற தனியார் கம்பெனி. அதுதான் ஐஆர்டி. டிக்கெட் 5 சென்ட். புரூக்ளின் பக்கத்தில் இன்னொரு கம்பெனி வளர்ந்து 1923 முதல் புரூக்ளின்–மன்ஹாட்டன் டிரான்சிட், அதாவது பிஎம்டி, என்ற பெயரில் இயங்கியது. இவர்களுக்குப் போட்டியாக நகர நிர்வாகமே தன் செலவில் மூன்றாவதாக ஒன்றைக் கட்டி, 1932 செப்டம்பர் 10 அன்று எட்டாவது அவென்யூவில் ஓடவிட்டது. அதற்கு இண்டிபெண்டண்ட், சுருக்கமாக ஐஎன்டி. 1940 ஜூனில் நகரம் மற்ற இரண்டையும் வாங்கி மூன்றையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தது. குடை ஒன்றானது, உள்ளே மூன்று குடும்பங்களும் தத்தம் வழக்கத்தை விடவில்லை. அவருடைய தாத்தாவின் வாயில் ஐஆர்டி என்று வந்தது, அவர் வாயிலும் அதுவே நின்றுவிட்டது.

எண், எழுத்து என்ற பிரிவினை அங்கிருந்து வந்ததுதான். பழைய ஐஆர்டி தடங்களில் 1 முதல் 7 வரை எண்கள். மற்ற இரண்டு கம்பெனிகளின் தடங்களில் எழுத்துகள். பிஎம்டியும் ஒருகாலத்தில் தன் வண்டிகளுக்கு எண்தான் வைத்திருந்தது. 1960களில் அவற்றுக்கும் எழுத்து கொடுத்து ஐஎன்டியோடு சேர்த்துவிட்டார்கள். இது வெறும் பெயர்ப்பலகைச் சமாச்சாரம் என்று முதலில் நினைத்தேன். ஒருநாள் குயீன்ஸ்பரோ பிளாசா நிலையத்தில் அம்மாவோடு நின்றபோது கண்ணாலேயே பார்த்தேன். அங்கே நடுவில் ஒரே நடைமேடை. ஒரு பக்கம் 7, மறுபக்கம் என் வண்டி (‘என்’ என்பது அதன் எழுத்து, எனக்குச் சொந்தமில்லை). இரண்டும் ஒரே நேரத்தில் வந்து கதவைத் திறந்தன. 7இன் உள்ளே எதிரெதிர் இருக்கைகளில் இருப்பவர்களின் முழங்கால்களுக்கு நடுவே ஓர் ஆள் நிற்கலாம். அந்தப் பக்கத்து வண்டியில் தாராளமாகக் கூடை வைத்துக்கொண்டு நிற்கலாம். “இது மினி பஸ், அது பெரிய பஸ்” என்றாள் அம்மா.

உண்மைதான். ஐஆர்டி சுரங்கங்கள் குறுகல். அங்கே ஓடும் பெட்டிகளின் அகலம் ஏறக்குறைய 8 அடி 9 அங்குலம், நீளம் 51 அடி. எழுத்து வண்டிகளின் அகலம் 10 அடி. நீளம் 60 அடி அல்லது 75 அடி. பெரிய பெட்டி சின்னச் சுரங்கத்துக்குள் நுழையாது. சின்னப் பெட்டியைப் பெரிய தடத்தில் விட்டால் நடைமேடைக்கும் கதவுக்கும் நடுவே குழந்தை விழும் அளவுக்கு இடைவெளி விழும். ஆகவே ஊழியர்கள் மொத்த அமைப்பையும் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: எண் வண்டிகள் ‘ஏ டிவிஷன்’, எழுத்து வண்டிகள் ‘பி டிவிஷன்’. கவனியுங்கள், ஏ வண்டி இருப்பது பி டிவிஷனில். இதை யார் யோசித்தார்களோ, அவர்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவில் உப்பு இருந்திருக்கும்.

பயணிக்கு இந்த டிவிஷன் எல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஒரு பயன் இருக்கிறது. பழுதோ பராமரிப்போ வந்தால் வண்டிகளை வேறு தடத்துக்குத் திருப்பிவிடுவது இந்த ஊரில் அன்றாடம் நடப்பது. ஆனால் எண் வண்டி எண் வண்டியின் தடத்துக்குத்தான் திரும்ப முடியும், எழுத்து வண்டி எழுத்து வண்டியின் தடத்துக்குத்தான். 4ஆம் வண்டி 2ஆம் வண்டியின் தடத்தில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். அது ஒருநாளும் ஏ வண்டியின் தடத்தில் வராது. இது தெரிந்திருந்தால், தடங்கல் அறிவிப்பு வரும்போது எந்த நடைமேடையில் நின்று காத்திருப்பது என்று பாதி ஊகித்துவிடலாம்.

எழுத்துகளுக்கும் ஆரம்பத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. ஐஎன்டிக்காரர்கள் எட்டாவது அவென்யூவுக்கு ஏ, சி, ஈ என்றும், ஆறாவது அவென்யூவுக்கு பி, டி, எஃப் என்றும் ஒன்றுவிட்டு ஒன்று கொடுத்தார்கள். ஒற்றை எழுத்து என்றால் எக்ஸ்பிரஸ். இரட்டையாக ஏஏ, சிசி என்று போட்டால் எல்லா நிலையத்திலும் நிற்கும் லோக்கல். படிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு பார்வையில் விஷயம் விளங்கிவிடும். 1985இல் இரட்டை எழுத்தை எடுத்துவிட்டார்கள். இன்று சி என்பது லோக்கல், ஏ என்பது பகலில் மன்ஹாட்டனில் எக்ஸ்பிரஸ் என்று நாமாகத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். எனக்கு அந்தப் பழைய முறைமேல் ஒரு மரியாதை உண்டு. ஐ, ஓ என்ற இரண்டு எழுத்துகளையும் எந்த வண்டிக்கும் வைப்பதில்லை. ஒன்று, சுழியம் என்று கண் ஏமாறும் என்பதுதான் காரணம்.

நிறம் பிறகு வந்து சேர்ந்த கதை. 1972இல் வெளியான வரைபடத்தில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு நிறம் இருந்தது. 1979 வரைபடத்தில் அதை மாற்றி, மன்ஹாட்டனில் வண்டி எந்த முதன்மைத் தடத்தில் ஓடுகிறதோ அந்தத் தடத்தின் நிறமே அதன் நிறம் என்றார்கள். ஏழாவது அவென்யூ சிவப்பு, லெக்சிங்டன் பச்சை, எட்டாவது அவென்யூ நீலம், ஆறாவது ஆரஞ்சு, பிராட்வே மஞ்சள். மன்ஹாட்டனுக்குள் கால் வைக்காத ஜி வண்டிக்கு வெளிர்பச்சை. ஆகவே இங்கே யாராவது “பச்சை லைனில் போ” என்றால் பாதி வழிதான் சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள். 4, 5, 6 மூன்றும் பச்சை. 6 எல்லா இடத்திலும் நிற்கும். 4உம் 5உம் பகலில் 42ஆம் தெருவை விட்டால் 59, பிறகு 86 என்று தாவும். மன்ஹாட்டனுக்கு வெளியே மூன்றும் மூன்று திசை. பச்சை என்று நம்பி ஏறியவர் பிராங்க்ஸில் தாம் நினைக்காத ஒரு மூலையில் இறங்குவார். உள்ளூர்க்காரர்கள் நிறத்தைச் சொல்வதே அரிது. வழி கேட்டால் எண்ணையோ எழுத்தையோ சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

எங்கள் வீடு குயீன்ஸில், எல்ம்ஹர்ஸ்ட்டில். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் ஜாக்சன் ஹைட்ஸ் 74ஆம் தெருதான் போக்கிடம். மாலையில் மன்ஹாட்டனிலிருந்து 7இல் ஏறினால் 74ஆம் தெருவில் இறங்கிக் காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிடலாம். ஒரு வெள்ளிக்கிழமை அப்படித்தான் ஏறினேன். வண்டி நல்ல வேகம். அம்மா சன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று “அதோ புடவைக் கடை!” என்றாள். பார்த்தால் 74ஆம் தெரு நிலையம் சன்னலுக்கு வெளியே பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. வண்டி நிற்கவில்லை. ஜங்ஷன் புலவார்ட் போய்த்தான் மூச்சுவிட்டது.

7 என்ற எண்ணைப் பார்த்தேன்; அதைச் சுற்றியிருந்த வடிவத்தைப் பார்க்கவில்லை. வட்டத்துக்குள் 7 என்றால் லோக்கல். சாய்சதுரத்துக்குள் 7 என்றால் எக்ஸ்பிரஸ். உள்ளூர்க்காரர்கள் ‘டைமண்ட் செவன்’ என்பார்கள். அது உட்சைடு 61ஆம் தெருவில் நின்றால் அடுத்து ஜங்ஷன் புலவார்டில்தான் நிற்கும். நடுவிலுள்ள 74ஆம் தெரு இத்தனை கூட்டமான சந்திப்பாக இருந்தும் லோக்கல் நிலையம்தான்; கீழே ஈ, எஃப், ஆர் எல்லாம் ஓடினாலும் மேலே எக்ஸ்பிரஸ் அதை மதிக்காது. வேடிக்கை என்னவென்றால், வரைபடத்தில் 7இன் நிறம் ஊதா. வண்டியின் பக்கவாட்டில் ஒளிரும் குறியிலோ லோக்கலுக்குப் பச்சை வட்டம், எக்ஸ்பிரஸுக்குச் சிவப்புச் சாய்சதுரம். அந்தச் சிவப்பைப் பார்த்து ஏழாவது அவென்யூ வண்டி என்று நினைத்துவிடக் கூடாது.

இந்த எக்ஸ்பிரஸ் ஒருவழி என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். காலையில் மன்ஹாட்டன் நோக்கி, மாலையில் ஃப்ளஷிங் நோக்கி, கூட்டம் போகிற பக்கம் மட்டும் ஓடும். ஃப்ளஷிங் பௌன் தெருவில் 1977இல் குடமுழுக்கான பிள்ளையார் கோயில் இருக்கிறது. கீழ்த்தளத்து கேன்டீனில் தோசை கிடைக்கும். அம்மாவுக்குப் பிள்ளையாரும் தோசையும் சம அளவில் வேண்டும். சங்கடஹர சதுர்த்தியன்று காலை எட்டு மணிக்கு எக்ஸ்பிரஸில் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு நின்றோம். எதிர்த்திசையில் சாய்சதுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எங்கள் பக்கம் வட்டங்கள் மட்டும். அதன்பிறகு அம்மாவின் அகராதியில் 7க்குக் ‘கோயில் வண்டி’ என்று பெயர். எங்கள் வீட்டில் இன்றும் அதுதான் பெயர்.

வண்டியின் பெயரில் வரும் குழப்பம் போதாதென்று நிலையங்களின் பெயரிலும் ஒன்று இருக்கிறது. ஊர் நண்பர் ஒருவர் “23ஆம் தெரு ஸ்டேஷனில் ஆறு மணிக்கு நிற்கிறேன்” என்று சொன்னார். நானும் நின்றேன். அவரும் நின்றார். இருவரும் அரைமணிநேரம் நின்றோம். மன்ஹாட்டனில் 23ஆம் தெரு என்ற பெயரில் ஐந்து சப்வே நிலையங்கள் உண்டு. எட்டாவது அவென்யூவில் சி, ஈ, ஏழாவதில் 1, ஆறாவதில் எஃப், எம், பிராட்வேயில் ஆர், டபிள்யூ, பார்க் அவென்யூ சவுத்தில் 6. ஒன்றுக்கொன்று உள்வழி கிடையாது. முதலாவதிலிருந்து கடைசிக்கு நடந்தால் சுமார் ஒரு கிலோமீட்டர். பெயர் தெருவுக்குரியது; அந்தத் தெருவை எத்தனை தடங்கள் குறுக்கே வெட்டுகின்றனவோ அத்தனை நிலையங்கள். மூன்று கம்பெனிகள் தனித்தனியே கட்டியதன் மிச்சம் இதுவும். ‘7ஆவது அவென்யூ’ என்றும் மூன்று நிலையங்கள் இருக்கின்றன, ஒன்று மன்ஹாட்டனில், இரண்டு புரூக்ளினில். ஆகவே இங்கே யாரையாவது சந்திப்பதென்றால் தெருவோடு சேர்த்து வண்டியையும் சொல்ல வேண்டும்: ‘1ஆம் வண்டியின் 23ஆம் தெரு’. அதோடு எந்த மூலை என்பதையும் சொல்லிவிட்டால் நட்பு நீடிக்கும்.

இரவும் வாரக்கடைசியும் தனி ராஜ்யம். இருபத்துநான்கு மணிநேரமும் ஓடும் சப்வே என்று பெருமையாகச் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் நள்ளிரவில் ஓடுவது பகலில் ஓடிய அதே அமைப்பு என்று நினைத்தால் தப்பு. சி வண்டி உறங்கப் போய்விடும். அதன் வேலையை ஏ எடுத்துக்கொண்டு எல்லா நிலையத்திலும் நிற்கும். ஈயும் லோக்கலாகிவிடும். பியும் டபிள்யூவும் சனி, ஞாயிறுகளில் கிடையாது. லெஃபர்ட்ஸ் புலவார்டுக்கு நள்ளிரவில் நேர் வண்டி இல்லை. யூக்ளிட் அவென்யூவிலிருந்து ஒரு ஷட்டில் மட்டும் போய்வரும். அம்மாவின் சென்னை மொழியில் அது ‘கட் சர்வீஸ்’. அதாவது நான் அன்று நள்ளிரவுக்குமேல் விமான நிலையம் கிளம்பியிருந்தால் ஏ வண்டியில் வழிதவறியிருக்கவே முடியாது. வழிதவறவும் நேரங்காலம் பார்க்க வேண்டியிருக்கிறது.

வாரக்கடைசியில் தண்டவாள வேலை நடக்கும். நடைமேடைத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் எல்லாம் எழுதியிருக்கும். நான் மூன்று வருடம் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கடந்து போனேன். எஃப் வண்டி ஈயின் தடத்தில் போகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குள் ஏறிய பிறகு தெரிந்தபோதுதான் புத்தி வந்தது. இப்போதெல்லாம் வண்டி நகரும் முன் சந்தேகம் வந்தால் ஒரு வேலை செய்கிறேன். நடைமேடையின் நடுப்பகுதியில் மேலே கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட நீளப் பலகை ஒன்று தொங்கும். கண்டக்டரின் சன்னல் சரியாக அதன் எதிரே வந்து நிற்கும். அவர் தலையை வெளியே நீட்டி அந்தப் பலகையைக் கைகாட்டிய பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பலகைக்குக் கீழே நின்றால் கண்டக்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார். “ஹோவர்ட் பீச்?” என்று இரண்டே சொல் கேட்டால் போதும். தலையை ஆட்டுவார் அல்லது கட்டைவிரலைப் பின்பக்கம் காட்டுவார். அடுத்த வண்டி என்று பொருள். அம்மா இதை எனக்கு முன்பே பழகிவிட்டாள். டிரைவரைவிடக் கண்டக்டரிடம் கேட்பதுதானே அவள் வழக்கம்.

அந்த முதல் வருகையில் அம்மா ஒரு சின்ன பாக்கெட் நோட்டு வைத்திருந்தாள். மளிகைக் கணக்கு எழுதும் நோட்டு. அதில் ஒரு பக்கம் முழுக்க சப்வே. ‘ஈ – நீலம் – வேகம். ஆர் – மஞ்சள் – மெது, கடைத்தெரு. வி – ஆரஞ்சு – நம் வீட்டு வாசல், லைப்ரரி போக. எம் – மண் நிறம் – நமக்கு வேண்டாம். ஏ – ஊர் பார்த்து ஏறு.’ கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். அந்த நோட்டோடு மூன்று மாதத்தில் தனியாக நூலகத்துக்குப் போய்வரும் அளவுக்குத் தேறிவிட்டாள். ஆறாவது அவென்யூவில் இறங்கி, 42ஆம் தெரு நூலகத்தின் வாசிப்பறையில் ஏ.சி. காற்றில் உட்கார்ந்து சுடோகு போட்டுவிட்டு வருவாள்.

2011இல் மறுபடி வந்தாள். வந்த மூன்றாம் நாள் அதே நோட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நூலகத்துக்குக் கிளம்பினாள். நானும் அலுவலகம் போகிறவன் கூடவே எல்ம்ஹர்ஸ்ட் அவென்யூ நிலையத்துக்குள் இறங்கினேன். ஆர் வந்தது, போனது. பிறகு ஆரஞ்சு வட்டத்தோடு ஒரு வண்டி வந்தது. அதில் எம் என்று இருந்தது. அம்மா ஏறவில்லை. “இது மண் நிறத்து வண்டியல்லவா? வி எங்கே?” என்றாள்.

வி போய்விட்டது. 2001 டிசம்பரில் தொடங்கிய அந்தச் சேவையைச் செலவைக் குறைப்பதற்காக 2010 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். அதன் வேலையைச் செய்ய எம் வண்டியை ஆறாவது அவென்யூத் தடத்துக்குத் திருப்பினார்கள். தடம் மாறியதால் விதிப்படி நிறமும் மாறியது. மண் நிறத்து எம், ஆரஞ்சு எம் ஆனது. தண்டவாளம் அங்கேயேதான் இருந்தது, நிலையமும் இருந்தது. மேலே ஓடுவதன் பெயர் மட்டும் வேறு. இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் கதவு மூடி வண்டி கிளம்பிவிட்டது.

அம்மா நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். ‘வி’யை ஒரு கோட்டால் அடித்தாள். ‘எம்’முக்கு எதிரே ‘மண் நிறம்’ என்பதையும் ‘நமக்கு வேண்டாம்’ என்பதையும் அடித்து, மேலே நெருக்கி ‘ஆரஞ்சு’ என்று எழுதினாள். பேனா மை பின்பக்கத்தில் ஊறி, அங்கிருந்த பருப்புக் கணக்கையும் கெடுத்தது. அடுத்த எம் வந்ததும் ஏறிக்கொண்டோம். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் என் மேசையில் கிடந்த பென்சிலை எடுத்துச் சீவி, ரப்பரோடு சேர்த்து அந்தக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.